நாலு மாதமும் பத்து நாளும்

உங்களில் பாதிப்பேர் மாப்பிள்ளையைப் பறிகொடுத்து இத்தா இருந்து எழும்பியவர்கள். மீதிப்பேரில் சிலர் இனி இருப்பீர்கள். சிலர் மாப்பிள்ளைக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, அந்த வேலையே இல்லாமல் தப்பிவிடுவீர்கள். அதனால் இதை என் வயதுக்காரிகளான உங்களிடம்தான் சொல்ல முடியும். இளசுகளிடம் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள்.

போன மாதம் மதுரங்குளியில் ஒருத்தியைப் பார்க்கப் போனேன். குவைத்தில் என்னோடு ஒரே தெருவில் வீட்டு வேலை செய்தவள். மாப்பிள்ளை மவுத்தாகி இத்தா இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல், வெள்ளை உடுத்து, பூவும் அத்தரும் மருதோண்டியும் இல்லாமல் இருக்க வேண்டும். அவளும் அப்படித்தான் இருந்தாள். அறை வாசலில் புதுத் திரை. உள்ளே மின்விசிறி, கட்டிலில் போன், அதில் கட்டாரிலிருந்து மகள். பார்க்க வந்த பெண்கள் பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கதைப்பது போலத் தங்கள் தங்கள் இத்தாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு இரண்டாம் மாதம் பல்வலி வந்து பட்ட பாடு. இன்னொருத்தி, தான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பகலில் படுத்து எழும்பியதே இத்தாவில்தான் என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். உங்கட உம்மா அந்தக் காலத்தில் எப்படி இருந்த, ஓலை வீட்டுக்குள்ள புழுங்கியிருக்குமே என்று கேட்டார்கள். உம்மா இத்தா இருக்கவில்லை என்றேன். கதை அப்படியே நின்றுபோனது. ஒரு பெண் மாப்பிள்ளைக்கு இத்தா இருக்கவில்லை என்றால், அவனுக்காகத் துக்கப்படாதவள் என்றுதான் பொருள் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். பஸ்ஸில் வரும்போது அது என்னை அரித்தது. உம்மா மண்ணுக்குள் போய் எத்தனையோ வருடம். அவளுக்கு அந்தப் பேர் வேண்டாம். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. அதன் பிறகு நான் படித்ததெல்லாம் பஸ்களின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர்கள்தான்.

எங்கள் வீடு கற்பிட்டிக்குப் போகிற வழியில் இருந்தது. ஒரு பக்கம் களப்பு, மறு பக்கம் பெரிய கடல், நடுவில் மணலும் தென்னையும் சின்ன வெங்காயத் தோட்டங்களும். இப்போது அந்தப் பக்கம் எங்கே நின்று பார்த்தாலும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்குழாய் தெரிகிறது. அப்போது தென்னையை விட உயரமாக ஒன்றும் இல்லை.

வாடைக்காற்று தொடங்கும்போது வாப்பா தீவுக்குப் போய்விடுவார். அங்கே ஓலைக் குடில் போட்டுத் தங்கி மீன் பிடித்துக் காயவைப்பார்கள். அதை வாடி என்போம். இரண்டு வாரத்துக்கு ஒருக்கால் ஜும்ஆவுக்கு வீட்டுக்கு வருவார். வியாழக்கிழமை அந்தியில் வள்ளம் வந்து சேரும். கருவாட்டு நாற்றம் முதலில் வரும், பின்னால் வாப்பா வருவார். இடுப்பில் பச்சை நிறத்தில் அகலமான பெல்ட். அதில் மூன்று பைகள். ஒன்றில் புகையிலை, ஒன்றில் தூண்டில், மற்றதில் எனக்கு ஏதாவது இருக்கும். சோகி, நண்டின் கால், கண்ணாடிப் போத்தலின் மூடி, எதுவென்றாலும். பெல்ட்டின் கொளுக்கி உடைந்து, செப்புக் கம்பியால் சுற்றி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை உம்மா பாரை மீனை வாங்கி, தேங்காய்ப்பால் கட்டியாக விட்டு ஆணம் ஆக்குவாள். வாப்பா இரண்டு தரம் சோறு வாங்குவார். இதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை. வீட்டில் இருந்த நாளை விட இல்லாத நாள்தான் அதிகம்.

எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. ரஜபு மாதம் பிறை மூன்றில் காற்று அடித்தது. எங்கள் வீட்டுக் கூரையில் பாதி போனது. காற்று விட்டு இரண்டாம் நாள் வாப்பாவின் வள்ளம் கவிழ்ந்து மிதந்ததைக் கண்டவர்கள் இழுத்துக்கொண்டு வந்தார்கள். பாய்மரம் முறிந்திருந்தது. வாப்பாவும் இல்லை, அவரோடு எட்டு வருடம் தொழில் செய்த கோயில் ஊர்க்காரரும் இல்லை. அவர் வேதக்காரர், மாதாவைக் கும்பிடுகிறவர். அவருடைய ஊர் எங்களிலிருந்து ஒரு மைல்.

அந்தக் கோயில் ஊரில் மூன்றாம் நாளே மணி அடித்தார்கள். பூசை கொடுத்தார்கள். அவருடைய மனைவி கறுப்பு உடுத்தாள். உடம்பு கிடைக்காவிட்டாலும் அவளை அழ விட்டார்கள்.

எங்கள் ஊரில் அது நடக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, பெரிய வாப்பா. வாப்பாவோடு பிறந்த மூத்த நானாவான அவர்தான் பள்ளிவாசலுக்கு மரைக்கார். அவர் சொன்னதுதான் நடக்கும். அதற்கு ஆறேழு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊர் ஆள் ஒருவர் இதேபோலக் காணாமல் போனார். பெரிய வாப்பா ஒரு வாரத்தில் தொழுகை நடத்தி, அந்த ஆளின் மனைவியை வெள்ளை உடுத்தி இத்தாவில் உட்கார வைத்துவிட்டார். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி, பெரிய சட்டியில் சோறு இறக்கும் நேரம் அந்த ஆள் நடந்து வந்தார். வள்ளம் இந்தியக் கரைக்கு அடித்துக்கொண்டு போய், அங்கே அவரைப் பிடித்து மறியலில் அடைத்திருந்திருக்கிறார்கள். பசியில் அந்தச் சோற்றையே உட்கார்ந்து தின்றாராம். ‘தன் கத்தச் சோத்தைத் தின்டவர்’ என்று அவருக்குப் பட்டப்பெயர். அவசரப்பட்ட மரைக்கார் என்று பெரிய வாப்பாவுக்கும் ஒரு பெயர், முதுகுக்குப் பின்னால். அதை அவர் மறக்கவில்லை.

ஆகவே இந்தத் தரம் பொறுக்கச் சொன்னார். லெப்பையிடம் கேட்டார்கள். அவர்தான் எங்களுக்கு ஓதிக் கொடுப்பவர். காணாமல் போனவன் மவுத்து என்பதற்கு அத்தாட்சி வேண்டும், அதுவரை அவன் உயிரோடு இருப்பவன் கணக்குத்தான் என்று கிதாபைப் பார்த்துச் சொன்னார். பெரிய வாப்பா வீட்டுக்கு வந்து, கதிரையை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கதவுக்குப் பின்னால் நின்ற உம்மாவிடம் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் மறக்கவில்லை.

“அவன் இந்தியாவுல மறியல்ல இரிப்பான். நீ வெள்ளை உடுத்தாத. கருகமணியைக் கழட்டாத. உசிரோட இரிக்கிறவனுக்கு அழுதா அந்தக் கேடு அவனுக்குத்தான் போய்ச் சேரும்.”

பிறகு என்னைக் கூப்பிட்டார். உம்மா அழுதால் வந்து தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். எனக்கு அந்த வேலை பெரிதாகத் தெரிந்தது. அதுவரை யாரும் என்னிடம் ஒரு வேலையும் நம்பித் தந்ததில்லை.

உம்மா அவர் சொன்னபடியே நடந்தாள். நிறச் சேலை உடுத்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருக்கால் மீன் வாங்கி அதே ஆணத்தை ஆக்கினாள். வாப்பாவின் பீங்கானைக் கழுவிப் பலகையில் வைப்பாள். அது தனி நீலக்கோடு போட்ட பீங்கான். பெரிய வாப்பா சில வெள்ளிக்கிழமைகளில் வந்து அந்த ஆணத்தில் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நாளில் அவன் வந்து சாப்பிடுவான் என்பார். அவரும் தம்பியை இழந்தவர்தான் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. தொழுகை நடத்திவிட்டால் தம்பியைத் தானே கொன்றது போல என்று நினைத்திருப்பார். விளங்கி என்ன. விளங்கியதால் எனக்கு அவரைப் பொறுக்க முடிந்ததில்லை.

நான் அழவில்லை. வாப்பா மறியலில் இருக்கிறார் என்று முழுதாக நம்பினேன். அங்கே சோற்றுக்கு என்ன ஆணம் தருவார்கள், கருவாடு தருவார்களா, பெல்ட்டைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள்வார்களா என்றெல்லாம் யோசிப்பேன். ஓதப் போகும் இடத்தில் எங்கட வாப்பா இந்தியாவில் என்று பெருமையடித்தேன். ஒருத்தி, என்னை விட இரண்டு வயது மூத்தவள், ஒங்கட வாப்பா அங்க வேற கலியாணம் முடிச்சிட்டாரு, இனி வரமாட்டாரு என்றாள். அவளுடைய முடியைப் பிடித்து இழுத்தேன். லெப்பையிடம் இருவரும் அடி வாங்கினோம். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கேட்டேன். காற்றடித்த பிறகு உம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“முடிச்சா முடிக்கட்டும் மகள். உசிரோட இரிந்தாச் சரி.”

கோயில் ஊர்க்காரரின் மனைவி வாரத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வருவாள். கறுப்புச் சட்டை, கறுப்புத் துணி. கையில் ஒரு பார்சல் கருவாடோ கொஞ்சம் கிழங்கோ இருக்கும். உம்மாவை அக்கா என்பாள். இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால், ஓலை வேலிக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். அவள் அழுவாள். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, அவருடைய குணம் எல்லாம் சொல்லி அழுவாள். குடிப்பார், அடிப்பார், ஆனாலும் பெருநாளுக்கு எனக்குச் சட்டை வாங்காமல் இருந்ததில்லை அக்கா என்பாள். உம்மா அவளுடைய முதுகைத் தடவிக் கொடுப்பாள். நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ அவள் வந்தபோது, உம்மாவும் அழுததைக் கண்டேன். சத்தம் இல்லை. அவளுடைய தோளில் முகத்தை வைத்திருந்தாள், முதுகு மட்டும் குலுங்கியது. அவள், அழுங்க அக்கா, எனக்காக அழுறண்டு சொல்லிட்டு அழுங்க, ஒரு ஆளும் ஒண்டும் சொல்ல ஏலாது என்றாள்.

நான் ஓடிப்போய்ப் பெரிய வாப்பாவிடம் சொன்னேன்.

அவர் என்னை அடுத்த கதிரையில் உட்கார வைத்து, டின்னைத் திறந்து இரண்டு பிஸ்கட் தந்தார். மூடியில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையின் படம் இருந்தது. அந்த வாரமே பாதையில் வைத்து அந்த மனுஷியை மறித்து, உயிரோடு இருப்பவன் வீட்டுக்குக் கறுப்பு உடுத்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் பிறகு ஒரு தரம் வந்தாள். வேலிக்கு வெளியே நின்று கருவாட்டுப் பார்சலை வேலியின் மேல் வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாளில் சிலாபத்தில் இருந்த தன் தாய் வீட்டோடு போய்விட்டாள் என்று கேள்வி.

உம்மா என்னிடம் கேட்டாள், நீதானா சொன்ன என்று. ஓம் என்றேன். பிஸ்கட் தந்ததையும் சொன்னேன். உம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

நோன்பு வந்தது, பெருநாளும் வந்தது. பெருநாளுக்குப் பெரிய வாப்பா உம்மாவுக்கு ஒரு சேலை அனுப்பினார். வெங்காயத் தோலின் நிறம், கரையில் ஜரிகை. அவன் வந்தால் என் பெண்சாதியைப் பார்க்கவில்லையா என்று தன்னிடம் கேட்பான் என்றாராம். பெருநாளுக்கு முந்தின இரவு பெரிய வாப்பா வீட்டுப் பெண்கள் வந்து, அவருடைய சொல்லின் பேரில் உம்மாவின் கையில் மருதோண்டி வைத்தார்கள். உம்மா கையை நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். நானும் என் கையை நீட்டினேன். இரண்டு பேருக்கும் நன்றாகச் சிவந்தது. மாப்பிள்ளைக்குப் பெண்சாதி மேல் நல்ல இரக்கம் இருந்தால்தான் இப்படிச் சிவக்கும் என்று அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னாள்.

அப்போது வாப்பா மண்ணுக்குள் போய் மூன்று மாதம்.

செய்தி ஹஜ்ஜு மாதம் பிறை ஐந்தில் வந்தது. எங்கள் ஊர் ஆள் ஒருவர், தொழில் இல்லாமல் வடக்கே மன்னார்ப் பக்கத்து வாடி ஒன்றுக்குப் போயிருந்தார். அங்கே குடிலைத் தாங்கும் கப்பில் ஒரு பச்சைப் பெல்ட் தொங்கியதைக் கண்டார். கொளுக்கியில் செப்புக் கம்பி. கேட்டபோது, காற்றடித்து மூன்றாம் நாள் ஓர் உடம்பு கரையொதுங்கியதாகவும், முஸ்லிம் ஆள் என்று கண்டு தொழுகை வைத்து அடக்கியதாகவும், யாராவது தேடி வந்தால் காட்டுவதற்குப் பெல்ட்டை வைத்திருப்பதாகவும் சொன்னார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள். எங்கள் ஊரிலிருந்து அந்தப் பக்கம் ஒருவரும் தேடிப் போகவில்லை. எல்லாரும் இந்தியாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெல்ட்டைக் கொண்டுவந்து பெரிய வாப்பாவின் கையில் கொடுத்தார்கள். அவர் பள்ளிவாசல் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். அஸர் தொழுகைக்குப் பிறகு அவரும் லெப்பையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உம்மா ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தாள். அவள் அழவில்லை. அலுமாரியைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு, அறை வாசலில் ஒரு பழைய விரிப்பைத் திரையாகக் கட்டி, அதற்குள் போய் உட்கார்ந்திருந்தாள். கருகமணியைக் கழற்றி என் கையில் தந்தாள். அவளுடைய முகத்தில் என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பகல் முழுக்கச் சுமை தூக்கியவள் அதை இறக்கி வைக்க ஓர் இடத்தைக் கண்டது போல இருந்தாள்.

லெப்பை திரைக்கு வெளியே பாயில் உட்கார்ந்தார். பிறகு விரல் கணுக்களில் எண்ணினார். ரஜபு மூன்று, ஷஃபான் மூன்று, நோன்பு மூன்று, நோன்புப் பெருநாள் பிறை மூன்று, அதற்கடுத்த மாதம் மூன்று. நாலு மாதம். அதோடு பத்து நாள். இன்றைக்கு ஹஜ்ஜு மாதம் ஐந்து. இத்தாவின் கணக்கு மவுத்தான நாளிலிருந்து ஓடுவது, செய்தி வந்த நாளிலிருந்து அல்ல என்றார். அது ஓடி முடிந்து இருபத்தொரு நாளோ இருபத்திரண்டு நாளோ ஆகிவிட்டது.

உம்மாவுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, பெரிய வாப்பா குரலை உயர்த்திச் சொன்னார்.

“ஒனக்கு இத்தா இல்ல. அது முடிஞ்சிட்டு. அல்லாஹ் லேசாக்கித் தந்திருக்கான்.”

லெப்பை குனிந்து பாயின் ஓரத்து நாரை இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு திரைக்குள்ளிருந்து உம்மா கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

“அப்ப நான் எப்ப அழுற லெப்பை?”

கிதாபில் அதற்கு ஒன்றும் எழுதியிருக்காது. அழுவதற்குத் தடை இல்லை, ஒப்பாரி வைக்காமல் இருந்தால் சரி, மூன்று நாள் துக்கம் யாருக்கும் உண்டு என்று லெப்பை ஏதோ சொன்னார். பெரிய வாப்பா, மார்க்கம் விடுவித்த ஒன்றை நாமாக இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருப்பது புதுப் பழக்கம், ஊர் வேறு விதமாகக் கதைக்கும் என்றார். அவர்கள் போன பிறகு, உம்மா மஃரிபு வரை உள்ளேயே இருந்தாள். பிறகு எழும்பி வந்து, விரிப்பை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, அடுப்பை மூட்டினாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் வாப்பாவுக்கு, உடம்பு முன்னால் இல்லாமலே, மறைவான ஜனாசாத் தொழுகை நடத்தினார்கள். ஆண்கள் எல்லாரும் நிறைந்து நின்று தொழுதார்கள், பெரிய வாப்பா அழுததாகச் சொன்னார்கள். அவருக்கு அதற்கு இடம் கிடைத்தது. கத்தம் ஓதிச் சோறு கொடுத்தார்கள். அந்தச் சோற்றை ஆக்கியவள் உம்மா. இத்தாவில் இருக்கும் பெண்ணை யாரும் அடுப்படியில் விடமாட்டார்கள். உம்மாதான் இத்தா முடிந்தவள் ஆயிற்றே.

நாற்பது நாள் போவதற்குள் மதுரங்குளியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மனைவி மவுத்தான ஒருவர், சில்லறைக் கடை வைத்திருப்பவர். இத்தா முடிந்த பெண், தடை ஒன்றும் இல்லை என்று பெரிய வாப்பா வீட்டார் சொல்லியிருந்தார்கள். உம்மா அந்தப் பெண்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, எனக்கு ஏலாது என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அடுத்த கிழமை வெங்காயத் தோட்டத்துக்கு வேலைக்கு இறங்கினாள். என் பள்ளிக்கூடமும் அதோடு நின்றது. நான் உம்மாவோடு போய் வெங்காயம் பிடுங்கிக் கட்டுவேன். அதற்குப் பிறகு நான் ஓர் இடத்தில் மூன்று வருடம் சேர்ந்தாற்போல இருந்தது கிடையாது. உப்பளம், சிலாபத்தில் கருவாட்டுக் கொட்டில், இறால் பண்ணை, குவைத்தில் இரண்டு வீடு. எங்கே போனாலும், போன அன்றே எந்த பஸ்ஸில் வெளியே போகலாம் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். அது வேறு கதை.

சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

தோட்டத்தில் வேலை முடிந்து வரும் வழியில் ஓர் இடத்தில் மணல் மேடு. ஒரு நாள் வெயில் தாழும் நேரம், மற்றப் பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். உம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தாள். கால் நோகிறது என்று நினைத்தேன். அவள் இரண்டு கையாலும் மணலைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு கோயில் ஊர் மனுஷி அழுவாளே, அப்படி. வாப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் அவருடைய பெயரைச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது. யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஐந்து மாதமாக நான் பழகியிருந்த வேலை அது ஒன்றுதான். உம்மாவின் பக்கத்தில் குந்தி, அவளுடைய தோளைப் பிடித்து, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

“அழ வாணாம் உம்மா. இத்தாதான் முடிஞ்சிட்டே.”

உம்மா அழுகையை நிறுத்தினாள். பாதியில், வாயில் வந்த சத்தத்தை அப்படியே விழுங்கி நிறுத்தினாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஓம் என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். அதன் பிறகு அவள் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தாள், நான் மட்டுமல்ல, ஒருவரும் அவள் அழுது கண்டதில்லை.

அன்றைக்கு அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். உம்மாவின் அழுகையை நானே நிறுத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.